பாஸ்போர்ட்டில் ஒரு வரியாக இருந்தவர்களுக்கு

கூத்தாநல்லூரில் பிறந்து பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர்களுக்கும், அங்கே பிறந்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களுக்கும், ரங்கூனிலிருந்து பெற்றோரின் கையைப் பிடித்துத் திரும்பியவர்களுக்கும், குவைத்திலும் ஜித்தாவிலும் துபாயிலும் பாதிப் படிப்பை விட்டுவிட்டு மீதியை ஊரில் முடித்தவர்களுக்கும்,



உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இரண்டு தேசங்களுக்கு நடுவே கழிந்த உங்கள் சிறுபிராயத்தைச் சொல்லுங்கள். முழு வாழ்க்கைக் கதையும் வேண்டாம். எத்தனை வயதானாலும் மங்காமல் நிற்கிற கணங்கள் இருக்குமே, அவை போதும். எழுத வருகிறவர்கள் எழுதுங்கள். வராதவர்கள் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் பேசிப் பதியுங்கள். "சின்னப் புள்ளைல நடந்தது, அதைப் போயி என்னத்தச் சொல்ல" என்று பலரும் தள்ளிவிடுவீர்கள். அந்தப் பேச்சை மறுக்கத்தான் இந்த மடல். பிள்ளையை எந்த வயதில் அழைத்துப் போவது, எந்த வயதில் ஊரில் கொண்டுவந்து விடுவது, யார் பொறுப்பில் விடுவது என்ற முடிவைத் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் எடுத்துவந்திருக்கிறது. இன்றும் ஏதாவது ஒரு வீட்டில் அந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கும். யாரைப் பற்றி முடிவெடுத்தார்களோ அந்தப் பிள்ளைகளிடம் "உனக்கு அது எப்படி இருந்தது" என்று எவரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் நீங்கள். உங்கள் நினைவு இன்றைய பெற்றோருக்குத் தேவைப்படுகிற சாட்சியம். அது உங்கள் மனசுக்குள்ளேயே முடிந்துபோனால் ஊருக்கு நட்டம்.

கூத்தாநல்லூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வெண்ணாற்றுப் பாசனத்தின் நெல்வயல்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் பெரிய வீடுகள், 'சின்ன சிங்கப்பூர்' என்ற பட்டப்பெயர், கடல்கடந்து சம்பாதிக்கப் போன சபராளிகள் அனுப்பிய காசில் எழுந்த பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், பள்ளிக்கூடங்கள். இவை எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியவையும்கூட. மேட்டூர் எப்போது திறக்கும், குறுவை தேறுமா, சம்பா மூழ்குமா என்று வானத்தையும் ஆற்றையும் பார்த்தே வாழ்ந்த டெல்டாவில், ஆற்றை நம்பாத ஒரு வருமானத்தைக் கடலுக்கு அப்பால் தேடிக்கொண்ட துணிச்சல் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த வருமானத்துக்காக ஒரு குடும்பம் கொடுத்தவற்றில் பிள்ளைகளின் பருவமும் ஒன்று. கட்டிய வீட்டைத் தெருவில் போகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். கொடுத்ததைப் பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

ஆவணங்களைப் புரட்டினால் உங்களைக் காண முடியாது. ஒரு காலத்தில் இந்திய பாஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் தேவைப்படவில்லை. தாய் தகப்பன் பாஸ்போர்ட்டிலேயே பெயரும் பிறந்த தேதியும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டன. போன நாளும் வந்த நாளும் பெரியவர்களின் பயணமாக முத்திரை குத்தப்பட்டன. இன்றைய ஆய்வுகளும் பெரிதாக மாறிவிடவில்லை. 2015-ல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு ஏறத்தாழ 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. எந்த மாவட்டம், எந்த நாடு, எவ்வளவு பணம் வருகிறது என்பதற்கெல்லாம் அதில் பதில் தேடலாம். அத்தா முகம் மறந்துபோன பிள்ளைக்கு அதில் பத்தி இல்லை. எண்ணிக்கை எடுக்கும் ஆய்வின் வேலையும் அதுவல்ல. இன்னொரு செய்தி இதைவிட யோசிக்க வைக்கிறது. இப்படி நாடுவிட்டு நாடு வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள்' என்று உலகம் இன்று அழைக்கிறது. அந்தப் பெயரை வழக்கில் கொண்டுவந்தவர் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் அவரும் கணவரும் இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது பிறந்த கருத்து அது. அதே பத்தாண்டில்தான் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் கப்பலாகத் தமிழ்ப் பிள்ளைகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அதிகாரிகள், பாதிரிமார்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவத்துக்கு ஒரு பெயரும் ஒரு நூலடுக்கும் கிடைத்தன. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவம் வீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை.

பிள்ளையின் கண்ணால் பார்த்தால் என்ன கூடுதலாகத் தெரிந்துவிடும் என்று கேட்கலாம். சரித்திரப் புத்தகத்தில் தேதியாக நிற்பது எப்படி வீட்டுக்குள் நுழைந்தது என்பது தெரியும். பர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போன குடும்பம் வெளிநாடு போனதாகவே கணக்கில்லை. பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் அதைத் தாண்டிப் போனது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். போருக்குப் பிறகு திரும்பிப்போய் மறுபடி கடை வைத்தவர்கள், 1964-ல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதாக்கியபோது கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். இந்த அளவுக்குப் புத்தகங்கள் சொல்லிவிடும். 1964-ல் பத்து வயதாயிருந்த ஒருவருக்கு இவற்றில் எது நினைவிருக்கிறது? பெட்டியில் எதை வைக்கலாம் எதை வைக்கக்கூடாது என்று வீட்டில் நடந்த பேச்சா, சுங்கச் சோதனையில் காதுத் தோட்டைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயமா, ஊர் வந்து சேர்ந்ததும் வகுப்பில் யாருக்கும் புரியாத பர்மிய எண்களில் தன்னை மறந்து கூட்டல் போட்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் இளையவருக்கே இப்போது எழுபதுக்கு அருகில் வயது.

மலாயாவும் அப்படித்தான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. 1945 செப்டம்பரில்தான் மீண்டது. அந்த மூன்றரை ஆண்டில் கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை, கப்பல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1941-ல் இங்கே தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு, அங்கே மாட்டிக்கொண்ட அத்தா உயிரோடு திரும்பி வாசலில் நின்றபோது நாலைந்து வயது. அந்தப் பிள்ளை அவரை யாரென்று நினைத்தது? கிட்டே போனதா, கதவுக்குப் பின்னால் ஒளிந்ததா? போரைப் பற்றி எத்தனையோ எழுதியாகிவிட்டது, இந்தக் கேள்விக்கு மட்டும் எந்த நூலிலும் விடை கிடைக்காது. இன்றைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற தகப்பன், தன் பிள்ளை தன்னைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்துக் கலங்கி நிற்கிறானே, அவனுக்கு அந்த விடை வேண்டும். முதல் சில நாள் ஒதுங்கினாலும் பிள்ளை எப்போது மடியில் வந்து உட்காரும், எது அதை வரவைக்கும், எது இன்னும் விலக்கும் என்பதைச் சொல்லக்கூடியவர் 1946-ல் கதவுக்குப் பின்னால் நின்றவர்தான்.

வயது என்ற விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். இந்தப் பேச்சின் மையமே அதுதான். நாடுகளின் சட்டங்கள் பிள்ளையின் வயதை வாசற்படியாக வைத்தன. 1950-களில் மலாயாவின் குடியேற்றச் சட்டங்கள் இறுகியபோது அதுவரை நினைத்தபோது போய்வந்த குடும்பங்கள், பிள்ளை பெரிதாவதற்குள் அழைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவசரப்பட வேண்டியதாயிற்று. மலேசியாவில் 12 வயதில் அடையாள அட்டை. அது குடியுரிமையின் நீல அட்டையா, நிரந்தரவாசத்தின் சிவப்பு அட்டையா என்பதில் ஒரு வாழ்க்கையே மாறும். 1969 மே கலவரத்தை ஒட்டிய ஆண்டுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அட்டைக் குடும்பங்கள் பல மூட்டை கட்டின. சிங்கப்பூரில் 1967 முதல் ஆண்பிள்ளைக்கு 18 வயதில் தேசிய சேவை. வளைகுடாவில் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகன் அத்தாவின் விசாவில் தொடர முடியாது. சட்டத்துக்கு வெளியே ஊரின் கணக்கும் ஒன்று இருந்தது. பெண்பிள்ளை பெரியவளாகுமுன் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பியதும் கடைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் மேற்கிலிருந்து கிழக்கே போன அதே ஆண்டில் தங்கை கிழக்கிலிருந்து மேற்கே வந்தாள் என்றால், இருவரும் கடலில் எதிரெதிரே கடந்திருப்பார்கள். சட்டமும் வீடும் வயதை எண்ணின. அந்த வயதில் பிள்ளை எதை எண்ணிக்கொண்டிருந்தது என்பதுதான் விட்டுப்போன கணக்கு.

பள்ளிக்கூடம் இந்த விட்டுப்போன கணக்கில் பெரிய பங்கு. மலேசியாவில் 1970 தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறின. ஆகவே ஒரே வீட்டில் மூத்தவருக்கு ஆங்கிலமும் இளையவருக்கு மலாயும் படிப்பு மொழியாகின. சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் 1946-ல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-ல் மூடப்பட்டதோடு அங்கே தமிழ்வழிப் படிப்பே முடிந்தது. அப்படியொரு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூத்தாநல்லூருக்கு வந்தால் எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஒரு வகுப்பு கீழே இறக்குவது எளிதான வழி. ஓர் ஆண்டு போனது என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்த பிள்ளை அதை எத்தனை ஆண்டாக எண்ணியிருக்கும்? இன்னொரு பக்கமும் உண்டு. ஓதுற பள்ளியில் அரபு எழுத்துப் பழகிய பிள்ளைக்கு, பினாங்குக் கடைத்தெருவில் அதே எழுத்துச் சாயலில் மலாயை எழுதிய ஜாவிப் பலகைகள் வாய்க்கு வந்திருக்கும். வீட்டு நன்னி (பாட்டி) வைத்திருந்த அரபுத்தமிழ்க் கிதாபும் அதே எழுத்தில்தான் தமிழைத் தாங்கி நின்றது. ஒரே எழுத்துக்குள் மூன்று மொழிகள். பெரிய பல்கலைக்கழகங்களில் இன்று ஆராய்கிற ஒன்றை எட்டு வயதில் இயல்பாகக் கண்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

பேச்சு மொழியும் அப்படியே. அங்கே காசுக்கு வெள்ளி என்று பெயர், கடை முன் நடைபாதைக்கு அஞ்சடி என்று பெயர். ஊருக்கு வந்து "எத்தனை வெள்ளி" என்று கேட்ட பிள்ளையை மற்றவர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் காலையில் "பசியாறிட்டியா" என்று கேட்டால் இரண்டு கரையிலும் ஒரே பொருள்தான். எந்தச் சொல் தன்னை அந்நியமாக்கியது, எந்தச் சொல் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பது பிள்ளைக்குத்தான் துல்லியமாகத் தெரியும். பெரியவர்கள் கடையிலும் கல்யாணத்திலும் சொல்லை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுவார்கள், பிள்ளைக்கு அந்தச் சாமர்த்தியம் வர நாளாகும்.

கப்பலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா', சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. பிறகு 'சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போனதோடு அந்தக் கப்பல் வழியே முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். கீழ்த்தட்டிலும் மேல்தளத்திலும் பாய் விரித்து, பெட்டிகளை எல்லையாக வைத்துக் குடும்பங்கள் படுத்துக்கிடந்த பயணம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரமிடும், படகில்தான் போக வேண்டும். அந்தப் படகில் தாய் மடியிலிருந்து கப்பல் ஏணிக்குக் கைமாறிய நொடி பலருக்கும் முதல் நினைவாக இருக்கக்கூடும். அதைவிட முக்கியம் அந்த ஒரு வாரம். வீடு வீடாகப் பயணம் சொல்லி, துஆ வாங்கி, ஒரு கரையை விட்டுவிட்டு, மறு கரை வருமுன் நடுவில் பிள்ளைக்கு ஒரு வாரம் கிடைத்தது. அழ, மறக்க, கேள்வி கேட்க, அம்மாவிடமிருந்து புதிய ஊரின் பெயர்களைக் கற்றுக்கொள்ள. இன்று திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். காலையில் கொல்லைக் கிணற்றடியில் நின்ற பிள்ளை மாலையில் பன்னிரண்டாம் மாடியில் நிற்கிறது. அந்த ஒரு வாரம் பிள்ளைக்கு என்ன செய்தது என்பது தெரிந்தால், அது இல்லாத இன்றைய பிள்ளைக்கு வேறு எதை ஈடாகக் கொடுக்கலாம் என்று யோசிக்க முடியும். விமானம் ஏறுமுன் ஒரு மாதம் முன்பே சொல்லிவைப்பதா, போனதும் பழைய பாயும் தலையணையும் கூட இருப்பதா. இதெல்லாம் சின்ன விஷயம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். பிள்ளைக்குப் பெரியது எது என்று உங்களைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த அறிவு இன்றைக்கு ஏன் அவசரம் என்பதற்கு வளைகுடாவே போதும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களோடு வந்த பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு நடுவில் அறுந்தது. 2017 ஜூலையில் சவூதி அரசு வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு 100 கூடி 2020-ல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால். எத்தனையோ குடும்பங்கள் தாயையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பின. அந்த வீடுகளில் கூட்டிக் கழித்தது ரியாலைத்தான். வேறு வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் அனுப்புவது என்று முடிவான பிறகும் எடுக்க வேண்டிய முடிவுகள் பல. வருஷக் கடைசி வரை பொறுப்பதா, நடுவிலேயே அனுப்புவதா? அண்ணன் தம்பியைச் சேர்த்து அனுப்புவதா, பத்தாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் அங்கே வைத்துக்கொள்வதா? நன்னி வீட்டிலா, விடுதியிலா? இங்கே பெற்றோருக்குக் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் பாடத்திட்டத்தைப் பற்றியும், மருத்துவச் சேர்க்கைக்கு எந்த மாநிலத்தில் படித்த கணக்கு வேண்டும் என்பதைப் பற்றியும்தான். அதற்கு ஆள் உண்டு. மற்றதற்கு ஆள் நீங்கள்தான், நீங்களோ பேசுவதில்லை.

இனி மறுப்புகள். முதலாவது, சின்ன வயது நினைவை நம்ப முடியாது என்பது. ஆண்டு பிசகும், கப்பல் பெயர் மாறும், பிறர் சொல்லக் கேட்டது தான் கண்டதாக ஆகிவிடும். உண்மைதான். ஆனால் சரிபார்க்கக்கூடியதும் முடியாததும் வேறு வேறு. கப்பல் தேதியைக் கப்பல் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் சேர்ந்த நாளைச் சேர்க்கைப் பதிவேட்டில் பார்க்கலாம். அதற்கு உங்கள் நினைவு வேண்டியதில்லை. யார் கையை விட மனமில்லாமல் நின்றீர்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது, அதற்குத்தான் உங்களைக் கேட்பது. இந்த வேலையில் நம் பக்கத்து வீட்டுக்காரரே முன்னோடி. சிங்கப்பூர் 1979-ல் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அரசு அமைப்பைத் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக்குத் தனித் திட்டமே வகுத்து, அந்நாளில் சிறுவர்களாக இருந்தவர்களையும் பேசவைத்துப் பதிந்தது. தமிழிலும் பதிவுகள் உண்டு. நினைவு தவறும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒருவரோடு நிறுத்தாமல் நூற்றுக்கணக்கானவரைக் கேட்டார்கள். அங்கே அஞ்சடியில் நின்ற பாதிக் குழந்தைப்பருவத்துக்கு ஓர் ஆவணக்காப்பகம் இருக்கிறது. இங்கே திண்ணையில் கழிந்த மறுபாதிக்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வது மானக்கேடு. அங்கே அத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, கடை மூழ்கியது, சொத்தில் சண்டை வந்தது, இதையெல்லாம் சந்திக்கு இழுப்பதா? வேண்டாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் கேட்கவில்லை. மரித்தவர்களின் மானம் நம் கையில் அமானிதம். ஆனால் பெரியவர்களின் செயலைச் சொல்லாமலேயே பிள்ளையின் நிலையைச் சொல்ல முடியும். "அந்த வருஷம் அத்தா வரவில்லை, பெருநாளைக்கு எடுத்த சட்டையை நான் போட மறுத்தேன்" என்றால் அதில் யார் மானமும் போகவில்லை, சொல்ல வேண்டியதும் சொல்லியாகிவிட்டது. பெயரை மறைக்கலாம், இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். உலகத்தின் நல்ல ஆவணக்காப்பகங்கள் எல்லாம் இப்படிப்பட்ட நிபந்தனையை மதிக்கின்றன. குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். சபராளிகளின் கதையை ஆண்கள் ஓரளவு சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் தோழிகளையும் பள்ளியையும் விட்டு ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, நாலைந்து ஆண்டில் நிக்காஹ் முடிந்து, பிறகு தன் கணவரைக் கப்பலேற்றி அனுப்பியவர்கள் நீங்கள். ஒரே கடலை மகளாக ஒருமுறை, மனைவியாக இன்னொருமுறை பார்த்தவர்கள். உங்கள் குரல் இல்லாத எந்தப் பதிவும் அரைகுறைதான்.

மூன்றாவதாக, இது வசதியானவர்களின் பழங்கதை என்று ஒரு கேள்வி எழும். இதே டெல்டாவிலிருந்து இதே நாகப்பட்டினம் வழியாகக் கங்காணிகள் அழைத்துப்போன கூலிக் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போயின; 1938-ல் இந்திய அரசு அதற்குத் தடை போடும் வரை போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து என்ற சொல்லே கிடையாது, போக்கு மட்டும்தான். அல்லது 1930-களின் மந்தத்தில் தோட்டம் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்ட வரவு. இந்தக் கேள்வியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கடைக்காரர் வீட்டுப் பிள்ளையின் நினைவு டெல்டாவின் முழு நினைவு ஆகாது. அதனால் நீங்கள் சொல்லும்போது உங்களோடு கப்பலில் வந்த அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேல்தளத்தில் அவர்கள் எங்கே படுத்தார்கள், அவர்களோடு விளையாட உங்களை விட்டார்களா? ஊரில் அம்மாவும் அத்தாவும் இல்லாத காலத்தில் உங்களைத் தூக்கி வளர்த்த கைகளில் பல, சுற்றுவட்டக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்கு வந்த பெண்களின் கைகள். அவர்களும் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். இதை மனசில் இருத்திப் பேசுவதுதான் அந்தக் கேள்விக்கு மரியாதை. பேசாமல் இருப்பதால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

வீடியோ அழைப்பும் ஆயிரம் படங்களும் இருக்கும் காலத்தில் பிரிவு பழைய பிரிவில்லையே, உங்கள் அனுபவம் இன்றைய பிள்ளைக்குப் பொருந்துமா என்றும் கேட்பார்கள். ஓரளவுக்குப் பொருந்தாது. நீல நிற ஏரோகிராம் வரப் பத்து நாள் காத்திருந்த பிள்ளையும், இரவு சாப்பாட்டு நேரத்தில் திரையில் அத்தாவைப் பார்க்கும் பிள்ளையும் ஒன்றல்ல. ஆனால் எது மாறியது எது மாறவில்லை என்று சொல்வதற்கும் பழையது தெரிந்திருக்க வேண்டுமே. காத்திருந்த கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தவருக்கு, அழைப்பு முடிந்து திரை அணைந்த பிறகு பேரப்பிள்ளை ஏன் அரைமணி நேரம் யாரோடும் பேசுவதில்லை என்பது நம்மைவிடச் சீக்கிரம் புரியும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொல்லப்போவது எல்லாம் வேதனையாக இருக்கும் என்று நான் முன்கூட்டியே முடிவு கட்டவில்லை. இரண்டு வீடு, இரண்டு பெருநாள், இரண்டு கூட்டம் தோழர்கள் என்று நிறைவாக வளர்ந்தவர்களும் உங்களில் இருப்பார்கள். நாசி கண்டார் கடையின் மணமும் தம்ரூட்டின் நெய்மணமும் ஒரே நாக்கில் குடியிருப்பது ஒரு செல்வம். நாலு மொழி பேசி எவரோடும் பழகும் தைரியம் அந்தப் பயணங்கள் கொடுத்தது என்று சொன்னால் அதுவும் சாட்சியம்தான். பிள்ளையை அழைத்துப் போகலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்று நினைத்துப் பாருங்கள். என் வாதம் பிரிவு கெட்டது என்பதல்ல. எது பிள்ளையை வளர்த்தது, எது உடைத்தது என்று தெரியாமலே தலைமுறைகளாக முடிவெடுக்கிறோம் என்பதே.

காலமும் அதிகம் இல்லை. காகிதங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த மாவட்டத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது, நனைந்து மாவாகிப் போன ட்ரங்குப் பெட்டிக் காகிதங்களைக் கணக்கெடுத்தவர் யாருமில்லை. மிஞ்சியதைச் சேர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை உரிய அனுமதியோடு படம்பிடித்து வைக்கலாம். முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் வெளிநாட்டுப் பெயர் இருக்கும் வரிகளே ஒரு வரைபடம் ஆகிவிடும். ஜமாஅத்தோ, பழைய மாணவர் குழுவோ, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள ஊர்க்காரர்களோ ஒரு பொது இடத்தில் ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைக்கலாம். கோடை விடுமுறையில் குடும்பங்கள் ஒன்றுகூடும் அந்த நாற்பது நாள் இதற்கு ஏற்ற காலம். கேட்கிறவர் பேரனாகவோ பேத்தியாகவோ இருந்தால் இன்னும் நல்லது.

கேட்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உங்க காலத்துல எப்படி இருந்துச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பெரியவர்கள் ஊர்ப் பெருமைதான் சொல்வார்கள். கையில் பிடித்தாற்போலக் கேளுங்கள். முதல் நாள் எந்த அறையில் படுத்தீர்கள், பக்கத்தில் யார்? எந்தச் சொல்லுக்கு மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்? அங்கே விட்டுவந்த பொருள் எது, அது இப்போது யாரிடம் இருக்கும்? ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்பதை உங்களிடம் யார் சொன்னார், பயணத்துக்கு எத்தனை நாளைக்கு முன்?

அன்புடனும் துஆவுடனும்,
டெல்டாவிலிருந்து உங்கள் சகோதரன்.